ருக்குமணி அக்காவின் வாளி

ருக்குமணி அக்கா அந்த வாளியை என் மேசை மேல் வைத்தபோது நான் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பச்சை பிளாஸ்டிக் வாளி. கைப்பிடி அறுந்து, அந்த இடத்தில் கம்பி கட்டியிருந்தது. உள்ளே விளிம்பு வரை செம்மண் சேறு. சேற்றின் மேல் ஒரு பிடி கீரை, வேரோடு, தலைகீழாகக் கிடந்தது.

“மிஸ், இது உங்க சாமான். என் குசினிக்குள்ள, அடுப்பு வரைக்கும் வந்திருச்சு. திருப்பிக் கொடுத்துடலாம்னு கொண்டாந்தேன்.”

சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் அக்கா நிதானமாகச் சொன்னார். கைலியின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டி என் வரைபடத் தாளை நனைத்துக்கொண்டிருந்தது. பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்துவிட்டது.

கோலாலம்பூருக்கு அருகே, பூச்சோங் பக்கம் ஒரு ரப்பர் குன்றை மொட்டையடித்து நூற்றுக்கணக்கில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். அந்தத் திட்டத்தில் வடிகால் பொறுப்பு என்னுடையது. குன்றின் அடியில் பழைய தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள் சில மிஞ்சியிருந்தன. அதில் கடைசி வீடு, எல்லாவற்றிலும் தாழ்வானது, ருக்குமணி அக்காவுடையது. வீட்டைச் சுற்றிக் கீரையும் பயற்றங்காயும் போட்டு பாசாரில் விற்பதுதான் அவர் பிழைப்பு. குன்றில் மரம் இருந்தவரை மழை பெய்தால் தண்ணீர் வந்தது. நாங்கள் மரத்தை எடுத்த பிறகு குன்றே வந்தது.

“ரொம்பப் பேச வரல மிஸ். இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா கிள்ளானுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன். மூணாவது மாடி. அங்க கீரை போட இடமில்ல. அவ்வளவுதான்.”

“இனிமே வராது அக்கா” என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாளியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சேறு எனக்குப் புதிதல்ல

போன வாரம் இந்தப் பத்தியில், நான் முதன்முதலாக ஆண்கள் அளவு ரப்பர் பூட்ஸ் வாங்கிய கதையை எழுதியிருந்தேன். “பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை எதுக்கு என்று வீட்டில் கேட்கவில்லையா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்டார்கள். எனக்கு விடை தெரிந்ததே ருக்குமணி அக்காவின் வாளியைப் பார்த்த பிறகுதான்.

நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். அப்பா ரயில்வேயில் சிக்னல் பார்ப்பவர். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய வெள்ளம் வந்தது. வெள்ளம் வருவதை எல்லோரும் பேசுவார்கள். அது போன பிறகு விட்டுச் செல்லும் சேற்றைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அம்மா அலமாரி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சேறு, அழகாக, இழுப்பறையின் அளவுக்குச் சதுரமாக உட்கார்ந்திருந்தது. கல்யாணப் புடவையை எடுத்து முற்றத்துக் குழாயில் அலசினார். தண்ணீர் தெளியவே இல்லை. மாதக்கணக்கில் எங்கள் வீட்டுத் தலையணை, அரிசி டின், அப்பாவின் சீருடை எல்லாவற்றிலும் ஒரே வாடை. துருப்பிடித்த இரும்பை நனைத்து வைத்தால் வருமே, அந்த வாடை.

என் மேசை மேல் இருந்த வாளியிலும் அதே வாடைதான். அதனால்தான் ‘இனிமே வராது’ என்று வாய் முந்திக்கொண்டது. கொடுத்த வாக்கை எப்படிக் காப்பாற்றுவது என்று அப்புறம்தான் யோசித்தேன்.

ஒரு குழி, மூன்று மொழிப் பலகை

வழி ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மழைநீரை நேரே கீழே விடாமல் ஒரு குளத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சேறு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் கீழே போகும். குன்றின் இடுப்பில் முதலில் ஒரு சின்னக் குழி, அதற்குக் கீழே ஒரு பெரிய குளம் என்று வெட்டவைத்தேன். குளம் நிரம்பினால் தண்ணீர் நிதானமாக இறங்குவதற்காகக் கரையில் ஓரிடத்தைத் தாழ்த்திக் கல் பதித்தோம். வேலையாட்கள் அதை ‘வாய்’ என்றார்கள். அதுவே பெயராகிவிட்டது.

எங்கள் புரோஜெக்ட் மேனேஜர் மிஸ்டர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்து வழிவந்தவர், பிரிக்பீல்ட்ஸ்காரர், அந்தப் புழுதியிலும் வெள்ளைச் சட்டை, டை. தினமும் விடியலில் பாசாருக்குப் போய் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். கெட்டவரில்லை. ஆனால் வீடு கட்ட வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

“பிள்ளை, நீர் படிச்சனீர். நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா மேட்டை வாங்கிக் குழி வெட்டுற ஆக்களை நான் இப்பதான் பாக்கிறன்.”

அவரைச் சமாளித்துவிடலாம். கான்கிரீட் லோரிக்காரர்களைச் சமாளிக்க முடியவில்லை. சிமெண்டைக் கொட்டிவிட்டுத் திரும்பும் லோரியெல்லாம் குளத்தோரம் நின்று உருளையைக் கழுவும். ஸ்டோர்காரர்கள் கழிவு எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். மேல் குழியில் சேறு நிரம்பினால் மண் தோண்டும் பேக்ஹோ ஓட்டுபவரைக் கெஞ்ச வேண்டும். நான் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் ‘இங்கே கழுவாதீர்’ என்று பலகை எழுதி நட்டேன். மறுநாள் அந்தப் பலகையிலேயே ஒருவர் சட்டையைக் கழுவிக் காயப்போட்டிருந்தார்.

மணியம் அண்ணனின் பை

அப்போதுதான் மணியம் அண்ணன் ஒரு காரியம் செய்தார். புல்டோசர் ஓட்டுபவர். கேரி தீவில் பிறந்தவர், ஆற்றுமீனும் கடல்மீனும் தின்று வளர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பை நிறையத் திலாப்பியாக் குஞ்சுகளை வாங்கிவந்து என் குளத்தில் விட்டுவிட்டார்.

“யாரைக் கேட்டு அண்ணே விட்டீங்க?”

“தண்ணி சும்மாதானே மிஸ் கெடக்கு? பாவம், அதுவும் ஏதாச்சும் செய்யட்டும் லா.”

நான் திட்டத் தொடங்குவதற்குள் கொங்சியில் இருந்த மற்றவர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. கொங்சி என்றால் வேலையாட்கள் தங்கும் பலகை வரிசை. எனக்கு ஒரு பை, உனக்கு ஒரு பை என்று ஆளாளுக்குக் குஞ்சு வாங்கிவந்தார்கள். மீன் வளர்ந்தால் யார் பிடிப்பது என்ற சண்டையும் உடனே வந்தது. நம் ஆட்கள் இந்த மாதிரிச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கும் மருந்து ஒன்றுதான். கூட்டு கட்டிவிட்டார்கள்.

கூட்டு உங்களுக்குத் தெரியாததா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்ப்பது, முறை வைத்து ஒவ்வொருவராக எடுப்பது. எங்கள் அம்மா அப்படித்தான் தையல் இயந்திரம் வாங்கினார். இங்கே பணத்துக்குப் பதில் மீன். ஞாயிறுதோறும் ஒருவர் முறை. வலையை ஒரே ஒரு வீச்சு வீசலாம், விழுந்தது அவருக்கு. யாருக்கு எந்த வாரம் என்று பால்டின்னில் சீட்டுப் போட்டு முதலிலேயே குலுக்கிவிட்டார்கள். கடைசிச் சீட்டுக்காரருக்கு வீச்சுக் கணக்கில்லை. குளத்தை வடித்து, மிஞ்சியதையெல்லாம் அள்ளிக்கொள்ளலாம். அந்தக் கடைசிச் சீட்டு மணியம் அண்ணனுக்கே விழுந்தது. குலுக்கியவரும் அவரே என்பதால் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது.

கூட்டில் ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதியிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கடைசி ஆள் எடுக்கும்வரை கூட்டை உடைக்கக் கூடாது. எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், கூட்டை உடைத்தவனோடு தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

மீனுக்குக் கிடைத்த மரியாதை

அதன்பிறகு நடந்ததை நான் இன்றும் யாரிடமாவது சொல்லிச் சிரிப்பேன். வெளியிலிருந்து வந்த ஒரு கான்கிரீட் லோரிக்காரர் வழக்கம்போல் குளத்தோரம் நிறுத்தி உருளையைக் கழுவினார். சிமெண்டுத் தண்ணீர் இறங்கிய மூலையில் சில மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அவ்வளவுதான். கம்பி கட்டுபவர், தச்சர், சமையற்காரர் எல்லோரும் லோரியைச் சுற்றிவிட்டார்கள்.

“போஸ், எறங்குங்க. எங்க கொழம்புல சிமெண்டைக் கலக்குறீங்களே, நல்லாவா இருக்கு?” என்றார் மணியம் அண்ணன்.

“அண்ணே, சத்தியமா மீன் இருக்குன்னு தெரியாது அண்ணே!”

“பலகை எழுதி வச்சிருக்கு, பாக்கலியா?” மணியம் அண்ணன் காட்டியது என் பலகையைத்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது.

தண்டனையாக லோரிக்காரர் இரண்டு பை குஞ்சு வாங்கிவந்து விட்டார். அதோடு, சமையற்காரரின் சீட்டில் பாதியைக் கொடுத்து அவரையும் கூட்டில் சேர்த்துவிட்டார்கள். பிறகு குளத்தைக் காவல் காக்க அவரைவிடக் கடுமையான ஜாகா கிடையாது. வேறு லோரி அந்தப் பக்கம் திரும்பினாலே ஹார்ன் அடிப்பார். பேக்ஹோக்காரர் நான் கேட்காமலே மேல் குழியைச் சனிக்கிழமைதோறும் தோண்டினார், இல்லாவிட்டால் மீன் மூச்சுவிட மேலே வருகிறதாம். எண்ணெய் ஊற்றுவது நின்றது.

இப்போதெல்லாம் ஐந்து நட்சத்திர விடுதியில் நிலைத்த வளர்ச்சி, பசுமைக் கட்டுமானம் என்று மாநாடு நடத்துகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள், நானும் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ‘பங்காளர்களின் ஈடுபாடு’ என்று திரையில் வரும்போதெல்லாம் அந்த லோரிக்காரர் ஹார்ன் அடிப்பது என் காதில் கேட்கும். பக்கத்தில் இருப்பவர்கள் நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று பார்ப்பார்கள்.

கடைசிச் சீட்டு

ஆண்டுக் கடைசி மழை தொடங்கும் நேரத்தில் தம்பிராஜா என்னைக் கூப்பிட்டார். திட்டத்தின் முதல் பகுதியைப் பார்க்க ஒரு பெரிய மனிதர் வரப்போகிறாராம்.

“கொட்டகை போடச் சமதரை வேணும் பிள்ளை. அந்தக் குளத்தை மூடச் சொல்லும்.”

“சார், மழைக்காலம்! மூடினா சேறெல்லாம் கீழ லயத்துக்குப் போகும்.”

“ரெண்டு நாள் கூத்துதானே? முடிய, திரும்ப வெட்டுவம்.”

கட்டுமானத் தொழிலில் ‘திரும்ப வெட்டுவம்’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வெட்டவே மாட்டார்கள். என் கண் முன்னால் ருக்குமணி அக்கா துணிமூட்டையோடு கிள்ளான் பஸ்ஸுக்கு நின்றார். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே மணியம் அண்ணனிடம் போனேன். மண் தள்ள வேண்டியவர் அவர்தானே.

“பெரிய போஸ் சொன்னா நான் என்னா செய்யறது மிஸ்? ஆனா கூட்டு பாதியில நிக்குதே. எல்லாரும் என்னைத்தான் ஏசுவாங்க.”

“அண்ணே, அவரும் கூட்டுல இருந்தா உடைப்பாரா?”

“அவரு எப்படி இருப்பாரு? எல்லாச் சீட்டும் போயிருச்சே.”

நான் அவரையே பார்த்தேன்.

“அப்படிப் பாக்காதீங்க மிஸ். வேணாம். கடைசிச் சீட்டு மிஸ் அது! பெரிய மீனெல்லாம் அதுலதான் லா! என் பொஞ்சாதி சொந்தக்காரங்களுக்கெல்லாம் இப்பவே சொல்லிட்டா!”

அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். குளத்தைப் பார்த்தார். குளத்துக்குக் கீழே தெரிந்த அக்கா வீட்டுத் தகரக் கூரையையும் பார்த்தார்.

“சரி, குடுத்துத் தொலைங்க. என் பொஞ்சாதிக்கு மட்டும் நீங்களே வந்து சொல்லுங்க.”

மறுநாள் நான் தம்பிராஜாவின் அறைக்குப் போய், ஆட்கள் ஆசைப்பட்டு அவருக்கும் மீன் கூட்டில் ஒரு சீட்டு போட்டிருப்பதாகச் சொன்னேன். அவர் மனைவி பிரிக்பீல்ட்ஸில் பெரிய கூட்டுத் தலைவி. கூட்டின் சட்டம் தம்பிராஜாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“எத்தினையாவது?”

“கடைசி சார்.”

பேனாவை மூடி வைத்தார். “கடைசியோ? அப்ப, குளத்திலை மிஞ்சிறது முழுக்க?”

“முழுக்க சார்.”

“என்ன மீன்?”

“திலாப்பியா.”

“திலாப்பியா சேத்து மணம் மணக்கும்” என்றார். சன்னல் வழியாகக் குளம் இருந்த பக்கம் பார்த்தார். “புளி கொஞ்சம் கூடப் போட்டால் சரிவரும்.”

கொட்டகை குளத்தை விட்டு வாசற்பக்கம் போய்விட்டது. பெரிய மனிதர் வந்த அன்று குளத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். “சுற்றுப்புறத்துக்காக நாங்கள் விசேஷமாக வைத்திருக்கிறோம்” என்று தம்பிராஜா அழகான ஆங்கிலத்தில் விளக்கினார். நான் பின்னால் நின்று, குடையைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

மழை

அதற்கடுத்த வாரம் வந்தது மழை. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். குன்று தெரியவில்லை, பத்தடி முன்னால் நின்ற லோரி தெரியவில்லை. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு குளத்துக்கு ஓடினேன்.

குளம் விளிம்பு தொட்டு நின்றது. வாய் வழியாகத் தண்ணீர் சரியாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடம் போய்விட்டது. தண்ணீரோடு மீனும் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் பெரிய மீன், ஒரு சாணுக்கு மேல் நீளம், ஒன்றன்பின் ஒன்றாக வாயைத் தாண்டிக் குதித்தது. கொங்சி ஆட்கள் மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள், வாயை அடைக்க.

“அடைக்காதீங்க! கரை ஒடைஞ்சிரும்!” என்று கத்தினேன். மழை என் குரலை விழுங்கிவிட்டது. வாயை அடைத்தால் தண்ணீர் மண்கரை மேல் ஏறும். மண்கரை கரைந்தால் அத்தனை மாதச் சேறும் ஒரே மூச்சில் ருக்குமணி அக்கா வீட்டில் போய் விழும். எந்த மீன் குளத்தைக் காப்பாற்றியதோ, அதே மீனுக்காகவே குளத்தை உடைக்கப் போகிறார்கள். இரண்டு மூட்டை விழுந்துவிட்டது. தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அப்போது குடையும் ஆபீஸ் சப்பாத்துமாகத் தம்பிராஜா வந்து சேர்ந்தார்.

“சார், உங்க மீனு போகுது சார்! அடைச்சிடவா?” மணியம் அண்ணன் மூன்றாவது மூட்டையோடு நின்றார். எல்லோரும் நின்றார்கள். போகிற மீன் கடைசிச் சீட்டுக்காரருடையது, முடிவும் அவருடையதுதான்.

அவர் குதித்துப் போன ஒரு மீனைக் கண்ணாலேயே வழியனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டிக் கீழே, தகரக் கூரையைக் காட்டினேன்.

“விடுங்கோ!” அந்த மெலிந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. “மீன் போனால் போகட்டும், கரை நிக்கட்டும்! மூட்டையை எடுங்கோ!”

சொல்லிவிட்டு அவரே குனிந்து முதல் மூட்டையை இழுத்தார். குடை பறந்தது. டை சேற்றில் தோய்ந்தது. மணியம் அண்ணன் இரண்டாவதை இழுத்தார். வாய் மறுபடி திறந்துகொண்டது, தண்ணீர் இறங்கியது, கரை நின்றது. நாங்கள் எல்லோரும் தொப்பலாக நனைந்தபடி, மீன் ஊர்வலம் போவதை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம். தம்பிராஜா மட்டும் சிரிக்கவில்லை.

வாளி மறுபடியும்

மறுநாள் காலை நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். தம்பிராஜா எதிரே உட்கார்ந்து தும்மிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. ‘ணங்’ என்று ஓர் அலுமினிய வாளி என் மேசை மேல் வந்து உட்கார்ந்தது. பச்சை வாளிதான் போன தடவையோடு என்னிடமே தங்கிவிட்டதே.

வாளி நிறைய மீன். சில இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன.

“அன்னைக்குச் சேறு அனுப்புனீங்க” என்றார் ருக்குமணி அக்கா. “நேத்து மீன் அனுப்பியிருக்கீங்க. பாத்தி முழுக்க ஒரே துள்ளல், புடிச்சு முடியல. குசினிக்குள்ள ஒரு பொட்டுச் சேறு இல்ல மிஸ். இந்தாங்க, உங்க பங்கு.”

எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, மீன் வாடையோடு இருந்தது. என் வேலையில் எனக்குக் கிடைத்த பட்டயம், பதக்கம் எதுவும் அன்றைக்கு ஈடாகாது.

தம்பிராஜா எட்டிப் பார்த்தார். “இது என்ட மீன்” என்றார்.

“பேரு எழுதியிருக்கா சார்?” என்றார் அக்கா. “என் வாசலுக்கு வந்துச்சு, நான் கொழம்பு வச்சேன். வேணும்னா மத்தியானம் வந்து சாப்பிட்டுப் போங்க.”

தம்பிராஜா போனார். நானும் மணியம் அண்ணனும் கூடப் போனோம். அக்கா வீட்டுப் பலகையில் உட்கார்ந்து மூன்று முறை சோறு வாங்கினார். புளி சரியாக இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னதை நான் கேட்டேன்.

குன்றில் புல் முளைத்து, இனிக் குளம் தேவையில்லை என்று ஆன பிறகும் யாரும் அதை மூடவில்லை. மழை விட்டதும் புதுக் கூட்டு கட்டினார்கள். மீன்குஞ்சுகள் என் மேசையடியில் கிடந்த அந்தப் பச்சை வாளியில்தான் வந்தன. முதல் சீட்டைக் குலுக்காமலே ருக்குமணி அக்காவுக்குக் கொடுத்தார்கள். கடைசிச் சீட்டுக்கு மணியம் அண்ணன் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். தம்பிராஜா விட்டுக்கொடுக்கவில்லை.